இரண்டு புள்ளிகளும் ஒரு தடையும்: 'ஆர்எம்' கட்டளையின் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

யூனிக்ஸில் கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை ஏன் இவ்வளவு முரடாக இருக்கிறது என்ற கேள்விக்கு, 1994-இல் வெளிவந்த 'யூனிக்ஸ் ஹேட்டர்ஸ் ஹேண்ட்புக்' சொன்ன விடையே இன்றும் செல்வாக்கோடு உலவுகிறது. சிம்சன் கார்ஃபிங்கல், டேனியல் வைஸ், ஸ்டீவன் ஸ்ட்ராஸ்மன் மூவரின் அந்நூல் ஒரு வசைநூல். அப்படி இல்லை என்று அது நடிக்கவும் இல்லை. யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சியே அதற்கு ஓர் 'எதிர்முன்னுரை' எழுதிக் கொடுத்தார். வசையை ரசிக்கலாம். அதனுள் பொதிந்திருக்கும் வரலாற்று வாசிப்பை உரசிப் பார்த்தே ஆக வேண்டும்.

அவ்வாசிப்பில் மூன்று இழைகள் உள்ளன. அழித்தது அழித்ததுதான், மீட்பு கிடையாது என்பது ஒன்று. பயனர் தட்டிய நட்சத்திரக் குறியை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் முதலில் பெயர்ப் பட்டியலாக விரித்துவிட்டுத்தான் ஆர்எம்மிடம் தருகிறது. எனவே பயனர் என்ன தட்டினார் என்பது ஆர்எம்முக்குத் தெரியாது, அதனால் எச்சரிக்கவும் முடியாது என்பது இரண்டாவது. இதற்கெல்லாம் வேர், பயனரின் கைப்பிழை பற்றி அக்கறையற்ற ஒரு மனப்பாங்கு என்பது மூன்றாவது. இது வாதமாக அல்லாமல் நூல் முழுவதும் தொனியாகவே ஓடுகிறது. முதலாவதை மறுக்க ஏதுமில்லை. இரண்டாவதில் பாதி உண்மை. மூன்றாவதற்கு ஆவணம் இடம் தரவில்லை.

மற்ற இயங்குதளங்கள் பயனரைக் காத்தன என்ற நூலின் ஒப்பீட்டையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். டாப்ஸ்-20-இல் அழித்த கோப்பு, 'எக்ஸ்பஞ்ச்' செய்யும் வரை மீட்கத்தக்கதாக இருந்தது உண்மை. விஎம்எஸ்ஸின் பதிப்பெண்களோ, பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டுவிடாமல் காத்தன. அங்கும் 'டிலீட்' சொன்னால் அந்தப் பதிப்பு போனதுதான். யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11/20 இயந்திரத்தின் வட்டு அரை மெகாபைட். அழித்ததைச் சேர்த்துவைக்கும் குப்பைத்தொட்டிக்கு அங்கே இடம் இருந்திருக்காது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், எழுத்துச் சான்று இல்லை.

எழுத்துச் சான்று இருப்பது வேறோர் இடத்தில். 1971 நவம்பர் 3 தேதியிட்ட, யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டில், ஆர்எம் பக்கத்தின் 'பிழைகள்' பகுதியைப் பாருங்கள். எழுத அனுமதி இல்லாத கோப்பை அழிக்கும் முன் இந்தக் கட்டளை பயனரைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று ஆசிரியர்களே குறித்திருக்கிறார்கள். அக்கறையற்றவர்கள் தம் குறையைத் தாமே பட்டியலிடுவதில்லை. 1975-இன் ஆறாம் பதிப்பில் அந்தக் கேள்வி நடைமுறைக்கு வந்துவிட்டிருக்கிறது. கேட்காமலே அழிக்க 'மைனஸ் எஃப்' என்ற தெரிவும் கூடவே இருக்கிறது.

என் வாதத்தின் மையச் சான்று, 1979 ஜனவரியின் ஏழாம் பதிப்பு. ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு அழிக்கும் 'மைனஸ் ஐ' தெரிவு இதில் இருக்கிறது. அதைப் பலரும் அறிவர். கையேட்டின் அதே பக்கத்தில் ஒரு சிறு வாக்கியம் அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. '..' என்ற பெயரை அழிப்பதற்குத் தடை உண்டு. 'ஆர்எம் மைனஸ் ஆர் .*' என்பதுபோல் யாரேனும் தவறிப்போய்த் தட்டிவிட்டால் நேரும் சமூகவிரோத விளைவைத் தவிர்க்க மட்டுமே அந்தத் தடை என்று அது விளக்குகிறது. '.profile' போன்ற புள்ளிக் கோப்புகளை நட்சத்திரக் குறி மட்டும் பிடிக்காது. ஆகவே பயனர் '.*' என்று தட்டுவார். ஷெல் அதை விரிக்கும்போது '.', '..' இரண்டும் பட்டியலில் வந்துவிடும். '..' என்பது மேலடைவு. 'மைனஸ் ஆர்' அதற்குள் புகுந்து எல்லாவற்றையும் துடைக்கும்.

மூலநிரலில் இந்தத் தடை ஒரே ஓர் ஒப்பீடு. வந்த பெயர் '..' என்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தால், மறுப்பை அச்சிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறது. இங்கேதான் ஹேண்ட்புக்கின் இரண்டாம் இழை அறுபடுகிறது. பயனர் தட்டியதை ஆர்எம் பார்க்கவில்லை, சரி. ஆனால் விரிந்த பட்டியலில் விழுந்திருக்கும் தடத்தை அது பார்த்திருக்கிறது. '..' என்பது '.*' விட்டுச்செல்லும் கைரேகை. வெறும் '*' அப்படி எதையும் விட்டுச்செல்வதில்லை. ஆகவே 'முடியாது' என்ற பொதுத் தீர்ப்பு தவறு. தடம் உள்ள இடத்தில் முடிந்தது, செய்தும் இருக்கிறார்கள்.

தடையின் எல்லை இன்னும் சுவையானது. '.' என்ற பெயருக்குத் தடை இல்லை. அதாவது ஏழாம் பதிப்பில் அக்கட்டளையைத் தட்டியவரின் நடப்பு அடைவு எப்படியும் காலியாகும். மேலடைவு மட்டும் தப்பும். கையேட்டின் 'சமூகவிரோத' என்ற அடைமொழி வெறும் கிண்டல் அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்த காலம் அது. உன் அடைவை நீ துடைப்பது உன் பாடு, பக்கத்து அடைவுகளைத் தொடாதே என்பதே அங்கிருந்த நெறி. இதற்கு ஒரு மறுப்பு எழும்: பிறர் கோப்புகளை அனுமதி முறையே காத்திருக்குமே? சாதாரணப் பயனருக்கு அது பொருந்தும். ரூட் என்னும் முழு அதிகாரத்தில் இருப்பவரை அனுமதி முறை தடுக்காது. அந்த வாக்கியம் ரூட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டதா என்பதைப் பனுவலை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது.

காலமும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆறாம் பதிப்பின் ஆர்எம் பக்கத்தில் இவ்வாக்கியம் இல்லை, ஏழாவதில் உண்டு. இடைப்பட்ட நான்காண்டுகளுள் எப்போது நுழைந்தது, எந்த விபத்து அதைத் தூண்டியது என்பவற்றைக் கையேடுகள் சொல்வதில்லை. விபத்து ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது. அதற்கு மேல் அழுத்த மாட்டேன்.

ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து என்பதால் 'திட்டம்/..' போன்ற பாதை அதில் சிக்காது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 1992-இன் போசிக்ஸ் தரம், பாதையின் கடைசிக் கூறு '.' ஆகவோ '..' ஆகவோ இருந்தாலே மறுக்க வேண்டும் என்று அந்த ஓட்டையை அடைத்தது, '.' என்பதையும் காப்புக்குள் சேர்த்தது. 2005-இன் சோலாரிஸ் 10, '/' என்னும் வேரடைவை அழிக்க மறுத்தது. குனூ கோர்யூட்டில்ஸ் 2006-இல், 6.4 பதிப்பில், அதே காப்பை இயல்புநிலையாக்கியது. ஆனால் 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் /*' என்று தட்டினால் இந்தக் காப்பு செல்லாது. ஷெல் அதை '/bin', '/etc' என்று விரித்துவிடுவதால், '/' என்ற பெயர் ஆர்எம்மின் கண்ணிலேயே படுவதில்லை. இவ்விடத்தில் ஹேண்ட்புக் சொன்னது அப்படியே நிற்கிறது.

நூலுக்குச் சாதகமான இன்னொரு சான்றையும் மறைக்கக் கூடாது. '.*' சிக்கலின் மூலத்தைத் தொட்ட திருத்தம் ஆர்எம்மில் நிகழவில்லை. 2022-இல் வெளிவந்த பாஷ் 5.2 என்ற ஷெல், '.*' விரியும்போது '.', '..' இரண்டையும் பட்டியலில் சேர்ப்பதை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. பிழையின் ஊற்று ஷெல்லில் என்று ஹேண்ட்புக் காட்டியது சரி. படைத்தவர்கள் கவலைப்படவில்லை என்று தொனித்ததுதான் தவறு. பழைய பாஷ் ஓடும் சர்வர்கள் இன்றும் உண்டு. அவற்றில் எந்தக் குறியைக் கொடுத்து அழிப்பதானாலும், அதே குறியை முதலில், கொடுத்ததை அச்சிட மட்டும் செய்யும் 'எக்கோ' கட்டளைக்குக் கொடுத்து, விரியும் பட்டியலைப் படித்துவிட்டு அழியுங்கள்.