சாத்தன் பலர், ஔவை ஒருவரா?

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் எல்லைச் சிற்றூர்களின் மக்கள் ஒரே தொழிற்கூட வாயிலில் வந்து கூடினர். ஒரே வருகைப் பதிவேட்டில் முனியப்பாக்களும் வெங்கடேசன்களும் பலராயினர். அவர்களைப் பிரித்தறியத் தந்தை பெயரின் முதலெழுத்து உதவும். அது போதாதபோது ஊர்ப்பெயர் உதவும். அதுவும் போதாதபோது வெல்டர் முனியப்பா, டிரைவர் முனியப்பா எனத் தொழிற்பெயர் முன்வந்து நிற்கும். பெயர் பொதுவாயினும் ஊரும் தொழிலும் ஆளைக் காட்டிவிடும்.

இவ்வழக்கம் தொழிற்பேட்டை கண்டுபிடித்ததன்று. சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தோர் இதனையே கையாண்டனர். அதற்குச் சாத்தன் என்னும் பெயரே தக்க சான்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். அவர் பெயரிலேயே கடையும் ஊரும் உள்ளன. ஒக்கூர் மாசாத்தனார் ஊரால் அறியப்பட்ட புலவர். பாடியவர்களிடையே மட்டுமன்றிப் பாடப்பட்டவர்களிடையேயும் சாத்தர் உளர். சோழநாட்டுப் பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தன் நக்கீரரால் பாடப்பெற்ற வள்ளல். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் போரில் வீழ்ந்த வீரன். அவன் மறைவுக்குக் குடவாயிற் கீரத்தனார் இரங்கிப் பாடினார். இருவரும் பெருஞ்சாத்தரே. ஊர்ப்பெயர் ஒன்று இல்லையேல், இரு வாழ்க்கைகளும் ஒன்றாய்க் குழம்பியிருக்கும்.

இப்பெயர் கடல்கடந்தும் சென்றது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த பானையோட்டில், சாத்தன் என்னும் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளது. புலவன், வணிகன், வள்ளல், வீரன், கடலோடி என யார்க்கும் உரிய பெயராக அஃது இருந்தமையாலன்றோ, இலக்கண உரையாசிரியர் எடுத்துக்காட்டு வேண்டியபோதெல்லாம் சாத்தனையும் கொற்றனையும் அழைத்தனர்! இத்துணைப் பொதுப்பெயராயிருந்தும், சாத்தர் அனைவரும் ஒருவரே என்று எவரும் சொல்லவில்லை.

ஔவை என்னும் பெயருக்கோ நேர்மாறான நிலை வாய்த்தது. இப்பெயருக்குத் தகடூரொடு, அதாவது இன்றைய தர்மபுரியொடு, பிரிக்கவொண்ணாத் தொடர்புண்டு. கிருஷ்ணகிரியும் ஓசூரும் 1965 முதல் 2004 வரை அந்தத் தர்மபுரி மாவட்டத்திலேயே இருந்தன. ஆதலின் இது இம்மண்ணுக்கு அயலான வினா அன்று.

சங்க ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன; அவற்றுள் 33 புறநானூற்றில் அமைந்தவை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்றவர் இவர். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அஞ்சி இறந்தபோது பாடிய கையறுநிலையில், அவன் தந்த கள்ளைத் தாம் பருகியதையும் மறையாது கூறுகிறார். புறநானூற்றின் 89ஆம் பாடலிலோ மாற்றரசன் இவரை மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என விளிக்கிறான். கூன் விழுந்த முதுகும் ஊன்றுகோலும் இப்பாடல்களில் இல்லை.

நல்வழி பாடிய ஔவையார் வேறொரு காலத்தவர். அந்நூலின் இறுதி வெண்பா, தேவார மூவர் தமிழையும் திருவாசகத்தையும் திருமூலர் சொல்லையும் திருக்குறளோடு சேர்த்து எண்ணுகிறது. நாயன்மார்களுக்குப் பிற்பட்ட ஒருவரே இவ்வாறு எண்ணியிருக்க இயலும். குழந்தைகளுக்கு அகரவரிசையில் அறம் கூறும் ஆத்திசூடியின் குரல், கள்ளுண்டு களித்த பாணர்கூட்டத்தின் குரலன்று. யோகநெறி பேசும் ஔவை குறளும் விநாயகர் அகவலும் முற்றிலும் பிறிதோர் அனுபவத்தின் வெளிப்பாடு. ஆகவே ஔவையர் ஒருவரல்லர், பலர் என்பதே இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் கருத்து.

அவ்வாறாயின் பலர் ஒருவரானது எங்ஙனம்? விடையின் ஒரு பகுதி இவ்வெல்லை மண்ணின் பேச்சிலேயே உள்ளது. கன்னடத்தில் அவ்வ என்றால் தாய். தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி. ஓசூர்த் தெருவில் ஒரு குழந்தை அவ்வா என்றழைத்தால் திரும்பிப் பார்ப்போர் பலராவர். தமிழில் ஔவை என்பதற்கும் தாய், முதியவள், தவப்பெண் என்றே பொருள். அஃது இயற்பெயராகவும் வழங்கியிருக்கலாம். மதிப்புப் பெயராகவும் வழங்கியிருக்கலாம். ஆனால் சாத்தருக்குக் கிடைத்ததுபோல் ஊரோ தொழிலோ தந்தை பெயரோ எந்த ஔவைக்கும் முன்னொட்டாகக் கிடைக்கவில்லை. பெண் என்பதால் மட்டும் இது நேர்ந்தது எனல் பொருந்தாது. ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற்புலவர் எட்டே பாடல்களுக்கு உரியவராயினும், ஊர்ப்பெயர் காத்தமையால் தனியொருவராகவே நிற்கிறார். ஔவையரையோ தாய் என்னும் மதிப்பே மறைத்தது. தாய் என்று வணங்கிய பின், எந்த ஊர்த் தாய் என்று கேட்பாரில்லை.

மறுபகுதி கதையில் உள்ளது. அதியமான் அளித்த நெல்லிக்கனி நெடுவாழ்வு தருவது என்பது மரபு. அதனை உண்டவர் நூற்றாண்டுகள் கடந்து வாழ்ந்தார் என்று கொண்டால், சங்கப் பாடலும் ஆத்திசூடியும் ஒருவரே பாடியனவாகிவிடும். காலக் கணக்கில் இடரில்லை. தகடூர் மலையின் ஒரு கனி ஆயிரம் ஆண்டு இடைவெளியை அடைத்துவிட்டது! முருகன் சுட்டபழம் கேட்ட கதையும் அம்மூதாட்டி மேலேயே ஏறியது. 1953இல் வெளிவந்த ஔவையார் திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அவ்வுருவுக்குக் குரலும் முகமும் தந்தார். 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலையும் எழுந்தது. அழகிய கற்பனை இது. தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு பாட்டியைத் தந்த கற்பனை. ஆனால் அதன் விலை பெரிது. தூதுரைத்த விறலி, அறம் கற்பித்த ஆசிரியை, யோகநெறி உணர்ந்த ஞானி என வெவ்வேறு வாழ்வு வாழ்ந்த பெண்கள் தத்தம் முகத்தை இழந்தனர்.

அவரைப் புரந்த மன்னனுக்கு இக்கதி நேரவில்லை என்பது ஈண்டு ஒப்பிடத்தக்கது. அதியமான் என்பதும் பலர்க்குரிய குடிப்பெயரே. நாமக்கல் குடைவரையோடு தொடர்புடைய குணசீலனும் அதியமான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாளும் அக்குடியினனே. எனினும் இவர்களை எவரும் ஒருவராக்கவில்லை. கல்வெட்டுகள் காத்தன. 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளியைக் குறித்து, அவனைக் கல்லிலேயே தனித்து நிறுத்திவிட்டது. பாடப்பட்டவனுக்குக் கல் கிடைத்தது; பாடியவருக்குப் பாட்டே எஞ்சியது.

ஆனால் பாட்டும் ஒரு கல்வெட்டே. கள்ளின் மணமும் போர்முரசின் ஒலியும் எப்பாட்டில் உள்ளன, வெண்பாவின் அறவுரை எதில் உள்ளது என்று பிரித்துப் படித்தால், ஒரே பெயருக்குப் பின்னே நிற்கும் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வெளிவருவர். அவர்களைப் பலராகக் காண்பது ஔவையின் பெருமையைக் குறைப்பதன்று. ஒரு பேரறிவாட்டிக்கு மாறாகப் பலரைத் தமிழுக்கு மீட்டுத் தருவதாகும்.

ஊர்ப்பெயரைத் தம் பெயர்முன் இணைத்து எழுதும் கவிஞர்கள் இன்றும் உளர். அதனை வெறும் அணியாகக் கருதவேண்டா. நாளை அதே பெயரில் மற்றொருவர் எழுதுவார். அன்று ஒருவர் கவிதையை மற்றவர் கணக்கில் சேராமல் காப்பது அவ்வூரே. கூலவாணிகரைக் காத்த முன்னொட்டு ஔவையருக்குக் கிடைக்கவில்லை. அதனைத் தேடித் தருதல், தகடூர் நெல்லியின் இனிப்பை அறிந்த இம்மண்ணின் தமிழ்நெஞ்சங்களுக்குரிய கடனாகும்.