பட்டா இல்லாதவர்களும் பழைய புத்தகங்களும்

ஏற்காடு மலையில் வெள்ளக்கடை போன்ற ஊர்களில் பரம்பரையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் "இந்த நிலம் உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பது எவ்வளவு பெரிய அநீதி! 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இங்கே காப்பி கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் பத்திரத்தோடு வந்தன. அதற்கும் முன்பே இருந்தவர்களிடம் பத்திரம் இல்லை.

2006 வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது. அதன் 13ஆம் விதிப்படி ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் சான்றாகும். மாவட்ட கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நில அளவை அறிக்கை, வரைபடம் ஆகியவையும் சான்றுகளே. சேலம் மாவட்டத்துக்கு லெ பானு தொகுத்த மேனுவல் (1883), ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் (1918) இரண்டிலும் இம்மக்கள் பதிவாகியிருக்கிறார்கள். எழுதியவன் வெள்ளைக்கார அதிகாரி. அவன் பார்வையில் இவர்கள் 'விசித்திர' மனிதர்கள். அந்த இழிவையும் சேர்த்தேதான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் "இவர்கள் இங்கே இருந்தார்கள்" என்று அரசே எழுதிய வரி அது.

இந்தப் புத்தகங்களை இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம். இது தானாக நடந்துவிடவில்லை. 2000களில் அரசு நிறுவனங்கள் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா என்ற பெயரில் லட்சக்கணக்கான நூல்களை ஸ்கேன் செய்தன. பிறகு அந்தத் தளமே முடங்கியது. நல்லவேளை, கார்ல் மலமுட் என்ற அமெரிக்கர் அந்த நூல்களைப் பிரதியெடுத்து இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றியிருந்தார். அரசு ஆவணங்கள் மக்கள் சொத்து என்பதற்காக நீதிமன்றம் வரை போனவர் அவர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட வலியைச் சுமந்த ஈழத் தமிழர்களோ, 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பில் நூல்களையும் பத்திரிகைகளையும் திரட்டி வருகிறார்கள்.

சமவெளியில் நம் கதைக்கு வருவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அறிக்கை இன்று அச்சிலும் இணையத்திலும் கிடைக்கிறது, அதைக் கூட்டங்களில் மேற்கோளும் காட்டுகிறோம். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட சர்வே எண் பஞ்சமி நிலம்தானா என்பதை அந்த அறிக்கை சொல்லாது. அதைச் சொல்வது பழைய 'அ' பதிவேடும் செட்டில்மென்ட் பதிவேடும்தான். 1980களின் யு.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய அந்தக் காகிதங்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு இருக்கும். பிந்தைய கணக்கில் பல இடங்களில் வேறொருவர் பெயர் இருக்கும். இந்தப் பதிவேடுகளை எந்த மலமுட்டும் வந்து ஸ்கேன் செய்யப்போவதில்லை. அவை ஆவணக் காப்பகத்திலும் தாலுகா அலுவலக அலமாரிகளிலும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன.

தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கும் தோழர்கள் நம்மிடையே நிறைய உண்டு. வழக்கு முடிந்ததும் அந்த நகல் யாரோ ஒருவர் வீட்டுப் பையில் கிடக்கிறது. அடுத்த ஊர்க்காரர் மறுபடியும் முதலிலிருந்து மனு போடுகிறார். தோழர்களே, அந்தப் பையைத் திறந்து, ஊர், சர்வே எண், ஆண்டு மூன்றையும் தலைப்பில் எழுதி, இப்போது உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவரங்களை மறைத்துவிட்டு, பழைய பக்கங்களை ஏற்றத் தொடங்குங்கள்.