10–1: தோத்த மேட்ச்சை ரஹீம் எப்படிப் படிச்சார்?

எனக்கு ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர்னு சொல்லுவாங்க. ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மைனு செய்யற சின்னச் சின்ன யூனிட்டுகள் அங்க நிறைய. எங்க பெரியப்பா அப்படி ஒரு யூனிட்ல சூளை பார்த்துக்கிட்டிருந்தார். சில நாள் கதவைத் திறந்தா பாதிச் சரக்கு விரிஞ்சு கிடக்கும். மத்தவங்க நெருப்புப் போட்ட ஆளைத் திட்டுவாங்க. பெரியப்பா திட்டமாட்டார். உடைஞ்ச துண்டை எடுத்து, விரிசல் எங்க ஆரம்பிச்சிருக்குன்னு பார்ப்பார். ஈரம் வத்தாம உள்ள போயிடுச்சா? சூடு வேகமா ஏறிடுச்சா? ஆறுறதுக்குள்ள கதவைத் திறந்துட்டோமா? மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

இன்னைக்கு எபிசோடு ஃபுட்பால் பத்தி. பெரியப்பாவை ஏன் இழுத்தேன்னு போகப்போகத் தெரியும்.

சீசன் நடுவுல ஒரு டீம் அஞ்சு கோல் வாங்கித் தோத்தா என்ன நடக்கும்? அன்னைக்கு ராத்திரியே கோச்சை மாத்துன்னு ட்ரெண்ட் ஆகும். அந்த மறுநாள் காலையில மேனேஜர் நாற்காலியில உட்கார்ந்திருக்கற ஆள் என்ன யோசிக்கணும்? இந்திய ஃபுட்பால்ல அதுக்கு நல்ல பதில் சொன்னவர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், ஆசிரியரா இருந்தவர். இந்திய அணிக்குக் கோச், ஹைதராபாத் கால்பந்து சங்கத்துக்குச் செயலாளர். பயிற்சி, நிர்வாகம் ரெண்டையும் ஒரே ஆள் தோள்ல சுமந்த காலம் அது.

1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானை 1–0ன்னு ஜெயிச்சுத் தங்கம் வாங்கியது. அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். 1952 ஜூலை 15, எதிரே யுகோஸ்லாவியா. ஸ்கோர் 10–1. நம்ம ஒரே கோலை அகமது கான் கிட்டத்தட்ட கடைசி நிமிஷத்துல அடிச்சார்.

நம்ம ஆட்கள்ல பெரும்பாலானவங்க வெறுங்காலோட ஆடினாங்க. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, லண்டன்ல, அதே வெறுங்கால் ஒரு பெருமை. பிரான்ஸ்கிட்ட 2–1ன்னுதான் தோத்தோம், அதுலயும் ரெண்டு பெனால்டியைத் தவறவிட்டோம். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்ல மயங்கிட்டோம்னுதான் எனக்குத் தோணுது. ஹெல்சிங்கியில குளிர், ஈரம், பூட்ஸ் போட்ட பலசாலிகள். ஊர்ல ரசிச்ச திறமை அங்க செல்லுபடியாகல.

இதுக்கப்புறம் சர்வதேசப் போட்டிகளில் பூட்ஸ் கட்டாயமாச்சு. நம்ம ஸ்கூல் குவிஸ்ல வர்ற கதை இதோட முடிஞ்சுடும்: வெறுங்கால், தோல்வி, பூட்ஸ், சுபம்.

ஆனா பூட்ஸ் மட்டும்தான் காரணம்னா, பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்திருக்கணும். யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நம்ம உள்நாட்டு ஆட்டங்கள் முழு 90 நிமிஷம் நடக்கல. பந்தைக் கால்லயே வெச்சு ரெண்டு பேரை ஏமாத்திட்டுப் போறவன்தான் ஹீரோ. யுகோஸ்லாவியாவோ சாதாரண டீம் இல்ல, 1948, 1952, 1956ன்னு மூணு ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி வாங்கிய அணி. விரிசல் ஒரு இடத்துல இல்ல.

ரஹீம் வேலை செஞ்சது அந்த மத்த விரிசல்கள்லதான். டிரிப்ளிங் பண்ணவே கூடாதுங்கற விதியோட போட்டிகள் நடத்தினார். பலமில்லாத கால்ல மட்டும் ஆடணும்னு இன்னொரு வகை. பந்தைச் சீக்கிரம் கைமாத்தறது, உடல் வலு, இடம் பார்த்து ஓடறது, இதெல்லாம் அவர் பாடத்திட்டம். அவர் பயிற்சியில ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950லேர்ந்து 1954 வரைக்கும் அஞ்சு வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை ஜெயிச்சது.

பலன் 1956ல தெரிஞ்சது. மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ், ரஹீம்தான் கோச். ஆஸ்திரேலியாவை 4–2ன்னு ஜெயிச்சோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். அரையிறுதியில எதிரே யாருன்னு நினைக்கறீங்க? அதே யுகோஸ்லாவியா. முதல் கோல் நம்மதுதான், அதுவும் டிசோசா. அப்புறம் 4–1ன்னு தோத்தோம். கடைசியில நாலாவது இடம்.

10–1லேர்ந்து 4–1. ரெண்டும் தோல்விதான். பாயின்ட்ஸ் டேபிள்ல வித்தியாசம் தெரியாது. ஆனா நாலே வருஷத்துல அந்த டீம் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு ஒரு மேனேஜருக்குத் தெரியும். தெரியணும்.

அடுத்து 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் மேட்ச்லயே தென் கொரியாகிட்ட 2–0 தோல்வி. தாய்லாந்தோட ஆடும்போது டிஃபண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில அடி, தையல். வெளியே கூட்டமே எதிரி: இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி விமர்சிச்சதால, ஸ்டேடியம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். ரஹீமுக்கோ புற்றுநோய்.

அவர் என்ன செஞ்சார்? தையல் போட்ட ஜர்னைலை உட்கார வைக்கல, ஃபார்வர்டா முன்னாடி அனுப்பினார். செப்டம்பர் 4, இறுதிப் போட்டி, எதிரே மறுபடியும் தென் கொரியா. கோல்போஸ்ட்ல பீட்டர் தங்கராஜ். முன்வரிசையில செகந்திராபாத்துல தமிழ்க் குடும்பத்துல பிறந்த துளசிதாஸ் பலராம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். 2–1. தங்கம்.

1963 ஜூன்ல ரஹீம் இறந்துட்டார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல இந்தியாவுக்குத் தங்கம் இல்ல. 1970ல ஒரு வெண்கலம், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையை வெச்சு 2024ல "மைதான்"னு இந்திப் படம் வந்தது. பார்த்துட்டு அழுதேன். வெளியே வந்ததும் எனக்கு உறுத்தினது வேற: தங்கத்தைக் கொண்டாடறோம், அந்த 10–1ஐ யாரும் உட்கார்ந்து படிக்கறதில்ல.

நம்ம டீம் அடுத்த தடவை அஞ்சு கோல் வாங்கும். வாங்கத்தான் செய்யும். அன்னைக்கு ராத்திரி "கோச்சைத் தூக்கு"ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: விரிசல் எங்கேர்ந்து ஆரம்பிச்சது? ஆளை மாத்தற முடிவு அப்பவும் சரியா இருக்கலாம். ஆனா துண்டைக் கையில எடுத்துப் பார்க்காம ஆளை மட்டும் மாத்தினா, அடுத்த சூளையும் அதே மாதிரிதான் திறக்கும். பெரியப்பா இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.