மலையில் மீட்பவர்கள் கையில் உண்டியல்

காஜாங் வட்டாரத்தில் மலையேறுவது வார இறுதிப் பழக்கமாகிவிட்டது. விடியும் முன்பே செமினி பக்கம் புரோகா குன்றுக்குக் கூட்டம் கிளம்புகிறது. துணிச்சல்காரர்கள் உலு லங்காட் வழியாக 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைக்குப் போகிறார்கள். வழி தவறினாலோ கால் முறிந்தாலோ தேடி வருவது யார்? பொம்பா என்று நாம் அழைக்கும் தீயணைப்பு மீட்புத் துறைதான். அதன் செலவு அரசாங்கத்துடையது.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே மலை மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலையையும் அவர்களே செய்து, அதற்கான பணத்தையும் அவர்களே தேட வேண்டும்.

இதன் தொடக்கம் 1928-இல். லாடோ என்ற பாறையில் ஏறிய ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். தூக்குப் படுக்கை கிடையாது, வலி தணிக்கும் மருந்தும் கிடையாது. நண்பர்கள் கிடைத்ததை வைத்துக் கட்டிச் சுமந்தார்கள். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. விழுந்ததைவிட, சுமந்து வந்த விதமே அந்தக் காலுக்கு அதிகக் கேடு செய்தது என்று மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே கருதினார். மலையேறும் சங்கங்கள் கூடி நல்ல தூக்குப் படுக்கைக்கு ஏற்பாடு செய்தன. ஹே ஒரு படி மேலே போய், மலை அடிவார மீட்பு நிலையங்களுக்கு மார்பின் மருந்தைத் தம் பொறுப்பிலேயே கொடுத்தார். சட்டம் சும்மா விடுமா? 1949-இல் அவருக்கு 10 பவுன் அபராதம். அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில் 1946-இல் கிரேட் கேபிள் மலையில் வில்பிரட் நாய்ஸ் காலை முறித்துக்கொண்டார். பின்னாளில், 1953 எவரெஸ்ட் பயணத்தில் இடம்பெற்றவர் இவர். அவரை இறக்கப் பட்ட பாட்டைக் கண்ட ரஸ்டி வெஸ்ட்மோர்லண்ட், மறு ஆண்டே ஊராரைத் திரட்டிக் கெசிக் குழுவைத் தொடங்கினார்.

ஆள் சேர்ந்தால் போதுமா? கயிறு, வானொலிக் கருவி, ஜீப், பெட்ரோல் எல்லாமே பணம்தான். மதுக்கடை மேசையில் உண்டியல், மலை ஓட்டப் பந்தயம், உயில் எழுதி வைக்கும் நன்கொடை, காப்பாற்றப்பட்டவர் அனுப்பும் காசோலை என்று சேர்க்கிறார்கள். நள்ளிரவில் மலையில் நனைந்தவரே சனிக்கிழமை கடைத்தெருவில் உண்டியல் குலுக்குகிறார்! காப்பாற்றியவரிடம் மட்டும் கட்டணம் கேட்பதில்லை. பில் வரும் என்று பயந்தால் உதவி கேட்கத் தாமதிப்பார்கள். அந்தத் தாமதமே உயிரைக் குடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

சுவிட்சர்லாந்தின் ரேகா வான்மீட்பு அமைப்பு 1966-இல் வேறு வழி கண்டது. ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்து ஆதரிப்பவருக்கு, ஆபத்து நேர்ந்தால் மீட்புச் செலவைத் தள்ளுபடி செய்கிறது. கிட்டத்தட்ட நம்மவர்களின் கூட்டுச் சந்தா மாதிரி.

இங்கேயும் தொண்டு புதிதல்ல. 1883-இல் கோலாலம்பூரில் எச்.எப். பெல்லாமி தலைமையில் 15 பேருடன் தொடங்கிய சிலாங்கூர் தீயணைப்புப் படை தொண்டர் படைதான். பிரிக்பீல்ட்ஸ் அருகே ஜாலான் பெல்லாமியில் சுட்ட மீன் சாப்பிடப் போகிறவர்கள் அந்தப் பெயரை ஒரு முறையாவது உச்சரித்திருப்பார்கள். இன்றும் சீனப் புதுக்கிராமங்களில் தொண்டர் தீயணைப்புப் படைகள் இருக்கின்றன. விருந்து நடத்தி, மேசைக்கு இவ்வளவு வெள்ளி என்று வசூலித்துத்தான் பல படைகள் தங்கள் வண்டியைப் பழுது பார்க்கின்றன.