இறந்த எலும்பின் பெயர்கள்

நோய்த்தொற்றாலோ காயத்தாலோ குருதியோட்டம் அறுபட்டு மடிந்து, உயிருள்ள எலும்பிலிருந்து பிரிந்துவிட்ட துண்டை மருத்துவம் 'சீக்வெஸ்ட்ரம்' என்கிறது. இது நீதிமன்றத்தோடு உறவுடைய சொல். வழக்கிலுள்ள பொருளைத் தீர்ப்பு வரும்வரை தன் பொறுப்பில் வைத்திருக்கும் நடுவரை இலத்தீனில் 'செக்வெஸ்டர்' என்பர். இறந்த துண்டைச் சுற்றி உடல் புதிதாக வளர்க்கும் எலும்புறை 'இன்வொலூக்ரம்', அதாவது போர்வை. அவ்வுறையில் சீழ் வடியும் துளை 'குளோயக்கா', அதாவது சாக்கடை. இவ்வழிவு முழுவதையும் குறிக்கும் 'நெக்ரோசிஸ்', பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 1794இல் எடின்பரோவின் ஜேம்ஸ் ரசல் இப்பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய நூலை வெளியிட்டார்.

இச்சொற்கள் எலும்பில் நிகழ்வதைத் துல்லியமாக விவரிக்கின்றன. அதைக் கொன்றது எது என்பதைச் சொல்வதில்லை. அம்மௌனத்தின் விலையைத் தீப்பெட்டித் தொழிலாளர்கள் அறிந்திருந்தனர். வெண்பாஸ்பரஸ் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களின் தாடை வீங்கிச் சீழ்பிடித்து, எலும்பு துண்டுதுண்டாக உதிர்ந்தது. வியன்னாவில் லோரின்சர் 1845இல் இந்நோயை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். மருத்துவர்களுக்கு அது தாடை நெக்ரோசிஸ். இங்கிலாந்துத் தொழிலாளர் வழக்கிலோ 'ஃபாசி ஜா', பாஸ்பரஸ் தாடை. நஞ்சின் பெயர் அந்தப் பேச்சுவழக்கிலேயே இருந்தது.

1888இல் லண்டனின் பிரையண்ட் அண்ட் மே ஆலையில் ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்நோயும் பொதுவெளியில் பேசுபொருளானது. 1895ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பாஸ்பரஸ் நஞ்சேற்றத்தைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. உயிருக்கு ஊறுசெய்த பொருளின் பெயர் சட்டத்தில் ஏறியதும் ஆலை உரிமையாளரின் பொறுப்பும் எழுத்தில் வந்தது. நோயாளிகளை மறைத்த அதே நிறுவனம் 1898இல் அபராதம் செலுத்தியது. 1906இல் பெர்ன் உடன்படிக்கை வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்தது; பிரிட்டன் 1908இலும் இந்தியா 1913இலும் தத்தம் தடைச் சட்டங்களை இயற்றின. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது அதன் பின்னர், 1920களில்தான்.

பெயர் குறித்த கேள்வி அத்துடன் முடியவில்லை. 2003இல் பிஸ்பாஸ்போனேட் மருந்து உட்கொண்டோரிடம் தாடை எலும்பு மடிவது கண்டறியப்பட்டது. முதலில் அம்மருந்தின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்பட்டது. வேறு மருந்துகளாலும் அது நேர்வது தெரிந்தபின், 2014இல் அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் சங்கம் 'மருந்து சார்ந்த' தாடை எலும்பு நெக்ரோசிஸ் எனப் பெயரை விரித்தது. இம்முறை, காரணத்தைப் பெயரிலேயே வைக்க மருத்துவம் தயங்கவில்லை.