ஹெரால்ட் பெல் ரைட்

ஹெரால்ட் பெல் ரைட் (மே 4, 1872 – மே 24, 1944) ஓர் அமெரிக்கப் புதின எழுத்தாளர் ஆவார். தொடக்கத்தில் கிறித்தவப் போதகராகப் பணியாற்றிய இவர், ஓசார்க் மலைகளையும் மேற்கு அமெரிக்காவின் பாலைவனங்களையும் கால்நடைப் பண்ணைகளையும் களமாகக் கொண்டு, கிறித்தவ அறநெறியை வலியுறுத்தும் புதினங்களை எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான எழுத்தாளர்களுள் ஒருவராக இவர் விளங்கினார். எனினும் அக்கால இலக்கியத் திறனாய்வாளர்கள் இவரைப் பெரும்பாலும் புறக்கணித்தனர்.

இளமை

ரைட் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர். ரைட்டுக்குப் பதினொரு வயதானபோது தாய் இறந்தார். அதன்பின் உறவினர் வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்ந்த அவர், வண்ணம் பூசுதல் உள்ளிட்ட வேலைகளைச் செய்து பிழைத்தார். ஒகையோ மாநிலத்தின் ஹிராம் கல்லூரியில் சேர்ந்து பயின்றாலும், நோயின் காரணமாகப் படிப்பை முடிக்கவில்லை. உடல்நலம் தேறும் பொருட்டு மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கு மலைவாழ் மக்களுக்குப் போதிக்கத் தொடங்கியதே அவரது இறைப்பணிக்கு அடித்தளமானது.

போதகரும் எழுத்தாளரும்

‘கிறிஸ்துவின் சீடர்கள்’ திருச்சபைப் பிரிவின் போதகராக மிசௌரி, கேன்சஸ், கலிபோர்னியா மாநிலங்களில் ரைட் பணியாற்றினார். கேன்சஸ் மாநிலத்தின் பிட்ஸ்பர்க் என்ற சுரங்க நகரில் இருந்தபோது, ஞாயிறு மாலைகளில் தம் சபையாருக்குத் தொடராகப் படித்துக் காட்டுவதற்கென ஒரு கதையை எழுதினார். அக்கதை ‘தட் பிரிண்டர் ஆஃப் யூடெல்ஸ்’ (1903) என்ற பெயரில் அவருடைய முதல் புதினமாக வெளிவந்தது. வழிபாட்டோடு நின்றுவிடாமல் வேலையற்றோருக்கும் ஏழைகளுக்கும் உதவுவதே உண்மையான கிறித்தவம் என்பது அதன் மையக் கருத்து. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரேகன், சிறுவயதில் இந்நூலைப் படித்ததே தாம் திருமுழுக்குப் பெறத் தூண்டுதலாக இருந்தது எனக் கூறியுள்ளார்.

ஓசார்க் மலைமக்களைப் பற்றிய ‘த ஷெப்பர்ட் ஆஃப் த ஹில்ஸ்’ (1907) ரைட்டை நாடறியச் செய்தது. இதன்பின் அவர் போதகர் பணியைக் கைவிட்டு முழுநேர எழுத்தாளரானார். மேடையை விடப் புதினத்தின் வழியாக மிகுதியான மக்களைச் சென்றடையலாம் என அவர் கருதினார். மனச்சான்றுக்கும் சபையின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையே சிக்கிய ஓர் இளம் போதகர் திருச்சபையை விட்டு விலகுவதே ‘த காலிங் ஆஃப் டான் மாத்யூஸ்’ (1909) புதினத்தின் கதை.

பார்பரா வொர்த்

‘த வின்னிங் ஆஃப் பார்பரா வொர்த்’ (1911) ரைட்டின் புகழ்பெற்ற மேற்கத்தியப் புதினம் ஆகும். இது கலிபோர்னியாவின் தென்கோடியிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டது. ரைட் அங்குள்ள பண்ணையில் தங்கி இந்நூலை எழுதினார்.

இப்புதினத்தின் பின்னணி உண்மை நிகழ்வாகும். கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி அப்பாலைவனம் பாசனம் செய்யப்பட்டது. வண்டல் படிந்து கால்வாய் அடைபட்டதால், 1904இல் ஆற்றங்கரையில் மதகு இல்லாமலேயே புதிய வாய்க்கால் வெட்டப்பட்டது. 1905ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது உடைந்து அகன்று, ஆறே பள்ளத்தாக்கிற்குள் திரும்பியது. 1907இல் உடைப்பு அடைக்கப்படும் முன் உருவான பெரும் நீர்நிலையே சால்டன் கடல்.

செலவைக் குறைக்க உறுதியற்ற கட்டுமானங்களை அமைக்கும் நிறுவனத்தையும், மக்களின் நலனுக்காகப் பணத்தை முதலீடு செய்யும் வங்கியாளரையும் ரைட் எதிரெதிரே நிறுத்துகிறார். செல்வம் என்பது சேவைக்கான கருவி என்ற கருத்தை மேடைப் பேச்சாக அல்லாமல் ஒரு பாசனத் திட்டத்தின் கதையாக அவர் சொன்னார்.

விற்பனையும் விமர்சனமும்

ரைட்டின் நூல்களைச் சிகாகோவில் அஞ்சல்வழி நூல் விற்பனை செய்துவந்த எல்ஸ்பெரி ரெனால்ட்ஸ் வெளியிட்டார். பெரும் விளம்பரங்களும் அஞ்சல் விற்பனையும் புத்தகக் கடைகளே இல்லாத சிற்றூர்களுக்கும் இந்நூல்களைக் கொண்டு சென்றன. பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்ற முதல் அமெரிக்கப் புதின எழுத்தாளர் என இவர் பரவலாகக் குறிப்பிடப்படுகிறார். இவருடைய கதைகளில் அறிவுரையும் மிகையுணர்ச்சியும் மிகுதி என்றும், பாத்திரங்கள் முற்றிலும் நல்லவர்களாகவோ தீயவர்களாகவோ உள்ளனர் என்றும் திறனாய்வாளர்கள் குறைகூறினர். ‘த ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்’ (1914) புதினத்தில், பணத்திற்காகத் தரம் தாழும் கலைஞர்களையும் திறனாய்வாளர்களையும் ரைட் சாடினார்.

பிற்காலம்

காசநோயால் பாதிக்கப்பட்ட ரைட், அரிசோனாவின் டூசான் நகரையொட்டிய பாலைவனத்தில் வாழ்ந்தார். அம்மாநிலத்தின் பண்ணை வாழ்வை ‘வென் எ மேன்’ஸ் எ மேன்’ (1916) நூலிலும், தொலைந்த சுரங்கம் பற்றிய கதையை ‘த மைன் வித் தி அயர்ன் டோர்’ (1923) நூலிலும் எழுதினார். அங்குள்ள பழங்குடியினரின் கதைகளைத் தொகுத்து 1929இல் வெளியிட்டார். தன்வரலாறான ‘டு மை சன்ஸ்’ 1934இல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் 1944இல் காலமானார்.

தாக்கம்

‘பார்பரா வொர்த்’ 1926இல் ஹென்றி கிங் இயக்கத்தில் திரைப்படமானது. கேரி கூப்பர் முதன்முதலாக முக்கிய வேடத்தில் நடித்த படம் இதுவே. ‘த ஷெப்பர்ட் ஆஃப் த ஹில்ஸ்’ 1941இல் ஜான் வெய்ன் நடிப்பில் வெளிவந்தது. கதை நிகழும் இடங்களைக் காண வந்த வாசகர்களால் மிசௌரியின் பிரான்சன் பகுதி சுற்றுலாத் தலமாக வளரத் தொடங்கியது. ரைட்டின் நூல்களைப் படிப்போர் இன்று குறைவு. ஆயினும் அவர் எழுதிய மலைகளை நாடி வருவோர் குறையவில்லை.