அசெட்டிலீனும் தாவரவியல் வகுப்பும்: ஜூலியஸ் நியூலாண்டின் ஆய்வுப்பணி

செயற்கை ரப்பரின் வரலாற்றில் நியோப்ரீன், டூபாண்ட் நிறுவனத்தின் கண்டுபிடிப்பாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயின் அதற்குரிய வேதியியல் அடித்தளத்தை இட்டவர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேமில் பாடம் நடத்திய கத்தோலிக்கக் குரு ஜூலியஸ் நியூலாண்ட் (1878–1936). அந்நாளில் அது பெயரால் பல்கலைக்கழகம். அளவால் சிறு கல்லூரியே.

1904இல் முனைவர் பட்டத்திற்கு அவர் ஆராய்ந்தது அசெட்டிலீனின் வினைகளை. ஆர்செனிக் டிரைகுளோரைடுடன் அதனைச் சேர்த்தபோது உண்டான நச்சுப்பொருளால் நோயுற்று, அவ்வழியைக் கைவிட்டார். லூயிசைட் என்னும் போர்நஞ்சு பின்னாளில் அவ்வினையிலிருந்தே பிறந்தது.

நோட்டர் டேமில் அவருக்குக் கிடைத்ததோ தாவரவியல் வகுப்பு. 1909இல் அவர் தொடங்கிய ‘அமெரிக்கன் மிட்லாண்ட் நேச்சுரலிஸ்ட்’ இதழில் செடிகொடிகள் முதல் வண்டுகள் வரை களஆய்வுகள் இடம்பெற்று வருகின்றன. இதனை ஒரு வேதியியலாளரின் வீணான ஆண்டுகள் எனக் கொள்வது பிழையாகும்.

செம்பு, அம்மோனியம் குளோரைடுகளை வினையூக்கியாகக் கொண்டு அசெட்டிலீன் மூலக்கூறுகளை இரண்டாகவும் மூன்றாகவும் இணைக்கலாம் என்பது அவர்தம் முதன்மைக் கண்டுபிடிப்பு. 1925இல் ரோச்செஸ்டர் நகரில் அவர் ஆற்றிய உரையை டூபாண்டின் எல்மர் போல்டன் கேட்டார், கூட்டுழைப்பு தொடங்கியது. நியூலாண்ட் தாமே பெற்ற மீள்மப்பொருள் மிகவும் மென்மையாயிருந்தமையால் பயன்படவில்லை. இரு மூலக்கூறுகள் இணைந்த மோனோவினைல் அசெட்டிலீனோடு ஹைட்ரஜன் குளோரைடு சேர்வதால் உண்டாகும் குளோரோபிரீனே, 1930இல் கரோத்தர்ஸ் குழுவைச் சார்ந்த ஆர்னால்ட் காலின்ஸின் கையில் ரப்பராகத் திரண்டது. எண்ணெய் பட்டும் எளிதில் கெடாத அப்பொருளை நிறுவனம் 1931இல் அறிவித்தது.

வறுமை நோன்பு பூண்டவராதலின் நியூலாண்ட் உரிமத்தொகையைத் தமக்கெனப் பெறவில்லை. அது நோட்டர் டேமுக்கே சென்றது.